மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சுடுகிறது, டிஎஸ்டிடியில் கை வைக்கலாமா?

மாங்கனி_கிரி (கிருஷ்ணகிரி):
ரைசன் லேப்டாப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். மூடியைச் சாத்திப் பையில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினால் சூளகிரி வருவதற்குள் முதுகு சுடுகிறது, இறங்கித் திறந்தால் பேட்டரி பாதி காலி. என்னென்ன தூக்க வகை உண்டு என்று காட்டும் மெம்_ஸ்லீப் கோப்பில் எஸ்2ஐடில் (அரைத் தூக்கம்) மட்டும்தான் இருக்கிறது, டீப் (ஆழ்ந்த தூக்கம்) இல்லை. டிமெசேஜிலும் (லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவு) எஸ்0, எஸ்4, எஸ்5 என்றுதான் வருகிறது, எஸ்3, அதாவது அந்த டீப் தூக்கம், காணோம். இதே மாடலுக்கு யாரோ திருத்தி வைத்த டிஎஸ்டிடி (மெஷினின் வன்பொருள் விவரத்தை பயாஸ் கர்னலுக்குத் தரும் அட்டவணை) கோப்பு நெட்டில் கிடக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாமா?

தகடூர்_டக்ஸ் (தர்மபுரி):
அதை மட்டும் செய்யாதீங்க. ஊத்தங்கரையில் பார்த்த நீரோட்டத்தை நம்பிப் பாலக்கோட்டில் போர் போடுகிற கதை அது. மாடல் ஒன்றாக இருந்தாலும் பயாஸ் பதிப்பு மாறினால், சில சமயம் ரேம் அளவு மாறினால்கூட, அந்த அட்டவணைக்குள் இருக்கிற நினைவக முகவரிகள் மாறிவிடும். வேறொரு மெஷினின் முகவரியில் கர்னல் போய் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

முதலில் சுலபமானதைப் பாருங்க. பயாஸ் புதுசு வந்திருக்கிறதா? செட்டிங்கில் ஸ்லீப் ஸ்டேட் என்று ஏதாவது உண்டா? சில திங்க்பேடுகளில் அதை லினக்ஸ் என்று மாற்றினாலே எஸ்3 வந்துவிடும். அப்புறம் கர்னல் எது? ஏஎம்டியின் எஸ்2ஐடிலுக்கு வேண்டிய பிஎம்சி (மின்சக்தி மேலாண்மை) டிரைவரே கர்னல் 5.11இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தையது என்றால் தூங்குகிற மாதிரி நடிக்குமே தவிரத் தூங்காது.

மாங்கனி_கிரி:
பயாஸ் கடைசிப் பதிப்புதான் அண்ணா, ஸ்லீப் ஆப்ஷன் எதுவும் இல்லை. கர்னல் 6.1. இன்னும் சுடுகிறது.

ஓசூர்_கர்னல்:
சரி, அப்போ உங்கள் மெஷினின் அட்டவணையையே எடுத்துப் பார்த்துவிடலாம். விண்டோஸின் மாடர்ன் ஸ்டாண்ட்பை (எஸ்2ஐடில் மாதிரியான அரைத் தூக்கம்) வந்த பிறகு பல தயாரிப்பாளர்கள் எஸ்3யை முழுசாக எடுக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒளித்து வைத்துவிடுகிறார்கள். (இன்டெல்லின் புது சிப்கள் சிலவற்றில் எஸ்3 உண்மையிலேயே கிடையாது, அங்கே அட்டவணையில் என்ன எழுதினாலும் வராது.)

ஏசிபிஐடம்ப் கருவி கொண்டு எல்லா அட்டவணைகளையும் எடுங்கள், ஏசிபிஐஎக்ஸ்ட்ராக்டில் தனித்தனிக் கோப்பாகப் பிரியுங்கள், ஐஏஎஸ்எல் என்ற இன்டெல் கம்பைலரில் டிகம்பைல் செய்யும்போது (படிக்கிற வடிவத்துக்கு மாற்றும்போது) எஸ்எஸ்டிடி (துணை அட்டவணை) கோப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்டர்னல் பிழைகள் வரிசையாக வரும். எதையும் தொடாமல் அப்படியே ஒருமுறை திரும்பக் கம்பைல் செய்து பாருங்கள். அதிலேயே பிழை வந்தால் அது நீங்கள் செய்ததில்லை. தொழிற்சாலையிலிருந்து அப்படி வருவது சகஜம், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டதை இன்டெல் கம்பைலர் பிடித்துக்கொள்ளும்.

அது சரியானதும் எக்ஸ்எஸ்3 (பெயர் மாற்றி ஒளித்த எஸ்3) என்று தேடுங்கள்.

மாங்கனி_கிரி:
இருக்கிறது! நேம் எக்ஸ்எஸ்3, பேக்கேஜ் என்று. ஆனால் ஒரு இஃப் நிபந்தனைக்குள் இருக்கிறது.

ஓசூர்_கர்னல்:
நிபந்தனையை எடுத்துவிட்டு, எக்ஸ் இருக்கிற இடத்தில் அண்டர்ஸ்கோர் போடுங்கள். பேக்கேஜுக்குள் உள்ள எண்களைத் தொடவே கூடாது. மேலே டெஃபினிஷன் பிளாக் வரியின் கடைசியில் ஒரு ரிவிஷன் எண் இருக்கும், அதில் ஒன்று கூட்டுங்கள். கூட்டாவிட்டால் கர்னல் உங்கள் கோப்பைச் சீண்டாது, பலர் மண்டையை உடைத்துக்கொள்கிற இடம் இதுதான். கம்பைல் செய்த ஏஎம்எல் கோப்பை கர்னல், ஃபர்ம்வேர், ஏசிபிஐ என்று ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடைவு போட்டு உள்ளே வைத்து, சிபிஐஓ என்ற கோப்பு கட்டும் கருவியில் நியூசி வடிவத்தில் சுருக்காமல் கட்டுங்கள். அதை பூட் அடைவில் வைத்து, கிரப் (பூட் லோடர்) கோப்பில் எர்லி இனிட்ஆர்டியாக (பூட்டின் தொடக்கத்திலேயே கர்னலுக்குத் தரும் கோப்பு) குறித்து, மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்டை டீப் என்று கொடுத்து அப்டேட்கிரப் ஓட்டுங்கள். செக்யூர் பூட் போட்டிருந்தால் கர்னல் இதை ஏற்காது, அணைத்தாக வேண்டும்.

ரீபூட் ஆனதும் டிமெசேஜில் டேபிள் அப்கிரேட் என்ற வரி வருகிறதா பாருங்கள்.

மாங்கனி_கிரி:
வந்தது, எஸ்3யும் வந்தது. மூடினால் மின்விசிறி நிற்கிறது, பை சில்லென்று இருக்கிறது. எழுப்பும்போது டச்பேட் மட்டும் சில சமயம் செத்துக் கிடக்கிறது.

தகடூர்_டக்ஸ்:
டச்பேடுக்கு ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ மாட்யூலை (டச்பேட் டிரைவர்) இறக்கி ஏற்றுங்க, பெரும்பாலும் சரியாகும். இன்னொன்று, அடுத்த முறை பயாஸ் அப்டேட் போடுவதற்கு முன்னால் கிரப் கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டுப் போடுங்க, பிறகு புது அட்டவணையை எடுத்து மறுபடி திருத்துங்க.