ஆறு வயசு மகளுக்கு வீட்டுல பாடம்: இங்கிலீஷ் ஓடுது, கணக்கு நிக்குது, தமிழ் ஆரம்பிக்கவே இல்லை. எந்த வகுப்புப் புத்தகம் எடுக்கறது?

கோபி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஆறு வயசு நாலு மாசம். யூகேஜியோட ஸ்கூலை நிறுத்திட்டு, இந்த ஜூன்லேர்ந்து வீட்டுலயே சொல்லிக் குடுக்கறேன். ஒண்ணாங்கிளாஸ் பாடத்தை எங்க ஆரம்பிக்கறதுன்னு பிடிபடலை.

கையில மூணு விதமான புத்தகம் இருக்கு. இங்கிலீஷுக்கு லண்டன்ல இருக்கற தங்கச்சி அனுப்பின ‘இயர் ஒன்’. கணக்குக்கு சிங்கப்பூர் மேத் 1ஏ, அதாவது ஒண்ணாம் வகுப்போட முதல் பாதி. தமிழுக்கு நம்ம பாடநூல் கழகத்தோட ஒண்ணாம் வகுப்பு முதல் பருவம். மூணு அட்டையிலயும் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கு. ஆனா இங்கிலீஷை உக்காந்த இடத்துல வாசிச்சு முடிச்சுட்டு ‘வேற இல்லையாம்மா’ங்கறா. கணக்குல நம்பர் பாண்ட் பக்கம் வந்தா அழுகை. ஏழுன்னு போட்டு ரெண்டு வட்டம் குடுத்திருக்கான், ஒண்ணுல 4 இருக்கு, இன்னொண்ணுல என்னன்னு கேட்டா மலைச்சுப் போய் உக்காந்துடறா. நூறு வரைக்கும் கடகடன்னு சொல்ற பிள்ளை இது. தமிழ்ல அ முதல் ஃ வரைக்கும், க ங ச வரிசையும் ஒப்பிப்பா. ‘படம்’னு எழுதிக் காட்டினா வாசிக்க வராது.

நெட்ல கிடைச்ச 1ஏ லெவல் டெஸ்டை வெச்சுப் பாத்தேன், பாதிகூடத் தேறலை. அப்ப எல்லாத்துக்கும் யூகேஜி புத்தகத்துக்கே திரும்பிடணுமா? மாமியார் ‘ஒண்ணாங்கிளாஸ் வயசுன்னா ஒண்ணாங்கிளாஸ் புஸ்தகத்தை நடத்து, தானா வந்துரும்’ங்கறாங்க. வீட்டுக்காரருக்கு வேற கவலை, நாளைக்கு ஸ்கூல்ல சேர்த்தா கீழ் வகுப்புல உக்கார வெச்சுடுவாங்களோன்னு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


இரட்டையர் அப்பா:

சகோதரி, முதல்ல அந்த டெஸ்ட் விஷயம், ஏன்னா பல பேர் அங்கதான் பயந்துபோறாங்க. 1ஏ டெஸ்ட்ங்கறது 1ஏ புத்தகத்தை முடிச்ச பிள்ளைக்கு வைக்கறது. அதுல தேறினா 1ஏ வேண்டாம், 1பிக்குப் போகலாம்னு அர்த்தம். தேறலைன்னா 1ஏவுல ஆரம்பிங்கன்னு அர்த்தம். யூகேஜிக்குப் போங்கன்னு அது சொல்லவே இல்லை. பாப்பா பாதிக்குப் பக்கத்துல போட்டிருந்தாலே, இன்னும் நடத்தாத பாடத்துல அவ்வளவு தெரியுதுன்னுதான் எடுத்துக்கணும்.

அடுத்தது அட்டையில இருக்கற அந்த ஒண்ணு. இங்கிலாந்துல இயர் ஒன் பிள்ளைக்கு வயசு 5லேர்ந்து 6. அமெரிக்காவுல ஃபர்ஸ்ட் கிரேடுன்னா 6லேர்ந்து 7. சிங்கப்பூர்ல ஏழு வயசு நிறையற வருஷத்துலதான் பிரைமரி ஒண்ணுல சேர்க்கறாங்க. நம்ம தமிழ்நாட்டுல அஞ்சு முடிஞ்சாலே ஒண்ணாங்கிளாஸ், மத்திய அரசோட 2020 கல்விக் கொள்கை ஆறுங்குது. உங்க பொண்ணுக்கு இயர் ஒன் சுலபமா இருக்கறதும் சிங்கப்பூர் புத்தகம் கடினமா இருக்கறதும் இதனாலதான் பாதி. ஒரு பக்கம் அவளைவிடச் சின்ன பிள்ளைக்கு எழுதினது, இன்னொரு பக்கம் கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு எழுதினது.

போற வழியும் வேற. மத்திய அரசுப் பாடநூலான என்சிஇஆர்டி ஒண்ணாம் வகுப்புக் கணக்கு ஒண்ணுலேர்ந்து ஒம்பது, பத்துலேர்ந்து இருபது, அப்புறம் 99 வரைன்னு பொருளை எண்ண வெச்சுக்கிட்டே போகும். சிங்கப்பூர் புத்தகம் பத்துக்குள்ளயே நின்னு, ஒரு எண்ணை எத்தனை விதமாப் பிரிக்கலாம், சேர்க்கலாம்னு நல்லா உழவிட்டுத்தான் மேல போகும். எண்ணிக்கை சொல்லத் தெரிஞ்ச பிள்ளையும் அந்த இடத்துல நிக்கும்.


மதுரைக்காரி:

ஹாய் சிஸ். நான் வேற மாதிரி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு மூணு பிள்ளைங்க, கடைசி தவழ்ற குழந்தை. பாடத்துக்கு ஒரு லெவல்னு வெச்சா என்னால சமாளிக்கவே முடியாது. எல்லாம் சேர்ந்து வர்ற ஒரே பாக்ஸ், ஒரே லெவல் வாங்கி, நாளைக்கு இந்தப் பக்கம்னு போட்டிருக்கறதை நடத்திடறேன். சுலபமா இருந்தா பிள்ளை சந்தோஷமா முடிக்கும், கஷ்டமா இருந்தா நிதானமாப் போவோம். அம்மா அலுத்துப் போனா எந்தப் பாடமும் நடக்காது, அதையும் கணக்குல எடுத்துக்கோங்க.


அரசுப் பள்ளி டீச்சர்:

கோபி அம்மாவுக்கு வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை சேர்த்து நடத்துபவள். மதுரைக்காரி அம்மா சொன்னதில் நியாயம் இருக்கிறது. கதை கேட்பது, சூழ்நிலையியல், பாட்டு, படம் வரைவது இவற்றுக்கெல்லாம் நிலை பார்க்கத் தேவையில்லை. நான்கு வயதும் எட்டு வயதும் ஒன்றாக உட்கார்ந்து விதை முளைப்பதைப் பார்க்கலாம், அவரவருக்கு எட்டியதை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வாசிப்பும் கணக்கும் படி ஏறுவது போல. கீழ்ப்படி ஆடினால் மேல்படியில் நிற்க முடியாது. இந்த இரண்டுக்கு மட்டுமாவது நிலை பார்த்தே ஆக வேண்டும்.

2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது எங்களுக்குச் சொன்னதும் இதுதான். எந்த வகுப்பில் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரிக்கிறோம். தமிழில் மலரில் உட்காரும் பிள்ளை கணக்கு நேரத்தில் அரும்புக்கு வரும். அதைப் பிள்ளைகள் அவமானமாக நினைப்பதில்லை. நாம் முகம் சுளிக்காமல் இருந்தால் போதும்.

நீங்கள் புத்தகத்தை ஒரு நாள் மூடி வையுங்கள். ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு டம்ளர், ஒரு தாள் போதும். எட்டுக் கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் அவள் கண்ணெதிரே அதைப் பரப்பிவிட்டு ‘இப்ப எத்தனை?’ என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் இன்னும் யூகேஜி வேலை மிச்சம் இருக்கிறது. எண்ணாமலே எட்டு என்றால் அது முடிந்துவிட்டது.

பிறகு ஐந்து கொட்டையைக் காட்டி, சிலவற்றை டம்ளருக்கு அடியில் மறைத்து, வெளியே இருப்பதை மட்டும் பார்த்து உள்ளே எத்தனை என்று கேளுங்கள். ஐந்தில் வந்தால் ஆறு, ஏழு என்று கூட்டுங்கள். எந்த எண்ணில் விரலைத் தேடுகிறாளோ அந்த எண்தான் அவள் நிலை. நம்பர் பாண்ட் பக்கத்தில் கேட்பதும் இதே கேள்விதான், கொட்டை இல்லாமல் கேட்கிறார்கள்.

கடைசியாகப் பதினான்கு கொட்டையை வைத்து, தாளில் 14 என்று எழுதுங்கள். 4-ஐத் தொட்டு, இது எந்தக் கொட்டைகள் என்று கேளுங்கள், நான்கை எடுத்துக் காட்டுவாள். பிறகு 1-ஐத் தொட்டுக் கேளுங்கள். என்ன செய்கிறாள் என்று மட்டும் பாருங்கள், திருத்த வேண்டாம்.

தமிழுக்கு, வரிசையைக் கலைத்து ‘ட’ என்று ஒரு எழுத்தை மட்டும் எழுதிக் காட்டுங்கள். சட்டென்று சொல்கிறாளா, அல்லது க ங ச ஞ என்று பாடிக்கொண்டே வந்து ட-வைப் பிடிக்கிறாளா? இங்கிலீஷுக்கு, படம் இல்லாத ஒரு பக்கம் வாசிக்கவிட்டு, புத்தகத்தை மூடி, கதையை அவள் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வரி எழுதவும் சொல்லுங்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம், பிள்ளை சோர்ந்தால் தெரிந்ததும் தெரியாதது போல ஆகிவிடும்.


கோபி அம்மா:

டீச்சர், ரொம்ப நன்றி. பாத்துட்டேன்.

கொட்டையைப் பரப்பிவிட்டதும் எண்ணாமலே எட்டுன்னுட்டா, ‘அதேதானம்மா’ன்னு சேர்த்துச் சொன்னா. டம்ளர் விளையாட்டு அஞ்சுல பட்டுன்னு வருது. ஆறுல யோசிச்சுச் சொன்னா. ஏழுல டம்ளரைத் தூக்கிப் பாக்கறா. 14 எழுதி 4-ஐத் தொட்டதும் நாலு எடுத்து வெச்சா. 1-ஐத் தொட்டதும் ஒரே ஒரு கொட்டையை எடுத்து வெச்சா. மிச்சம் ஒம்பது அப்படியே கிடக்கு, அது என்னன்னு கேட்டா ‘அது சும்மா’ங்கறா. எனக்குப் பகீர்னு இருந்துச்சு.

தமிழ்ல நீங்க சொன்ன மாதிரியேதான், க-வுலேர்ந்து பாடிக்கிட்டு வந்துதான் ட-வைச் சொன்னா. இங்கிலீஷ்ல கதையை அழகாச் சொன்னா, நடுவுல ‘அந்தப் பையனுக்கு பயமா இருந்திருக்கும்ல’னு அவளே கேக்கறா. ஆனா எழுதச் சொன்னா நாலு வார்த்தைக்குள்ள கை வலிக்குதுங்கறா, எழுத்தெல்லாம் கோட்டை விட்டு மேலயும் கீழயும் போகுது.


அரசுப் பள்ளி டீச்சர்:

பகீர் என்று நினைக்க ஒன்றுமே இல்லை அம்மா. இந்த வயதில் நிறையப் பிள்ளைகள் அந்த 1-க்கு ஒரே கொட்டையைத்தான் எடுத்து வைக்கும். பத்தை ஒரு கட்டாகப் பார்ப்பது ஒன்றாம் வகுப்பில் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமே தவிர, வரும்போதே தெரிந்திருக்க வேண்டியது அல்ல.

யூகேஜிக் கணக்கு அவளுக்கு வேண்டாம். கையில் இருக்கும் 1ஏ-தான் அவள் புத்தகம். பக்கத்தை மட்டும் கொஞ்ச நாள் பென்சில் இல்லாமல் நடத்துங்கள். டம்ளர் விளையாட்டை ஆறில் தொடங்குங்கள், தெரிந்த இடத்துக்கு மிக அருகில் இருந்து. ஆறு சரளமானதும் ஏழு, அப்படியே பத்து வரை. பத்தின் ஜோடிகள் விரலைப் பார்க்காமல் வாயில் வந்துவிட்டால், எட்டும் ஐந்தும் கூட்டும்போது எட்டுக்கு இரண்டு கொடுத்துப் பத்தாக்கி மிச்சம் மூன்று என்று அவளே கண்டுபிடிப்பாள். அதுவரை அந்த வட்டப் பக்கத்தில் எழுதச் சொல்லாதீர்கள்.

ஐஸ் குச்சியோ ஈர்க்குச்சியோ பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடச் சொல்லுங்கள். கட்டை அவளே கட்ட வேண்டும், நீங்கள் கட்டிக் கொடுத்தால் பயன் பாதிதான். பதினான்கு கேட்டால் ஒரு கட்டும் நாலு குச்சியும் எடுத்துத் தருவாள். பிறகு ஒரு நாள் அந்த 1-ஐத் தொட்டுக் கேளுங்கள், கட்டை எடுப்பாள். இரட்டையர் அப்பா சொன்ன என்சிஇஆர்டி புத்தகத்தில் பத்து முதல் இருபது வரை உள்ள பாடத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கிலீஷ் வாசிப்புக்கு இயர் டூ, அல்லது இரண்டாம் வகுப்பு எதுவானாலும் தாராளமாகக் கொடுங்கள். எழுதுவதை மட்டும் வாசிப்போடு சேர்த்து உயர்த்தாதீர்கள். மேல்வகுப்புப் பயிற்சிப் புத்தகம் வாங்கினால் அதில் மூன்று வரி எழுதச் சொல்லியிருப்பான், அந்த விடையை அவள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கைக்குத் தினமும் ஒரே ஒரு நல்ல வரி போதும். வாசிக்கும் வேகத்துக்குக் கை ஓடவில்லை என்பதற்காக வாசிப்பைப் பிடித்து இழுத்தால், உள்ளதும் போய்விடும்.


பழைய பேட்டை மாமா:

அம்மணி, உங்க வீட்டுக்காரர் கவலைக்கு நான் சொல்றேன், என் பேரனும் வீட்டுலதான் படிச்சு அப்புறம் பள்ளிக்கூடம் போனான். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கானது. பள்ளிக்கே போகாத, பாதியில் நின்ற பிள்ளையை வயசுக்குத் தகுந்த வகுப்புலதான் சேர்க்கணும்னு அதன் 4-ஆம் பிரிவு சொல்லுது. பின்தங்கி இருந்தா தனிப் பயிற்சி கேட்கவும் பிள்ளைக்கு உரிமை உண்டு. சேர்க்கைக்குப் பரிட்சை வெச்சு வடிகட்டக் கூடாதுன்னு 13-ஆம் பிரிவுல இருக்கு. ஆகவே இன்னிக்கு எந்தப் புத்தகம் நடத்தறீங்கங்கறது நாளைக்கு வகுப்பைத் தீர்மானிக்காது. பிறப்புச் சான்றிதழைப் பத்திரமா வெச்சுக்குங்க, நோட்டுகளையும் தேதி போட்டு எடுத்து வைங்க. பள்ளிக்கூடமே வேண்டாம்னு போனாலும் என்ஐஓஎஸ்ங்கற மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு, 14 வயசு நிறைஞ்சா பத்தாம் வகுப்புப் பரிட்சை எழுதலாம்.


இரட்டையர் அப்பா:

டீச்சர் சொன்னதோட ஒண்ணு மட்டும். எப்ப லெவலை மாத்தறதுன்னு அடுத்து கேள்வி வரும். எங்க வீட்டுல பாக்கறது இதுதான்: தொடர்ந்து சில பக்கம் உதவி கேக்காம, பேசிக்கிட்டே, பாட்டுப் பாடிக்கிட்டே போட்டுட்டா அந்தப் பாடத்தை நீட்டாம அடுத்ததுக்குத் தாண்டிடலாம். எல்லாக் கணக்கையும் போட்டே ஆகணும்னு இல்லை. அழுகை வந்தா அந்தப் பக்கத்துல நின்னு மல்லுக்கட்டாம ரெண்டு பாடம் பின்னாடி போய்ப் பாருங்க, ஓட்டை அங்கதான் இருக்கும். சின்னவனுக்குக் கழித்தல் வரலைன்னு நினைச்சோம், பாத்தா கூட்டல்லயே ஒண்ணுலேர்ந்துதான் எண்ணிக்கிட்டு இருந்தான்.


கோபி அம்மா:

எல்லாருக்கும் மனசார நன்றி. மாமா எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன், தெம்பாயிட்டார். மாமியார் புளியங்கொட்டையை வெச்சுக்கிட்டு அவங்களே டம்ளர் விளையாட்டு ஆட ஆரம்பிச்சுட்டாங்க.

டீச்சர், தமிழுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன். அதுதான் எனக்கு உறுத்தலா இருக்கு, வீட்டுல பேசறதெல்லாம் தமிழ்தான், வாசிப்பு இங்கிலீஷ்ல மட்டும் வருதுன்னா எப்படி?


அரசுப் பள்ளி டீச்சர்:

இங்கிலீஷில் அவளுக்கு ஒலியைச் சேர்த்து வாசிக்கப் பழக்கியிருக்கிறார்கள். தமிழில் வரிசையை ஒப்பிக்க மட்டும் பழக்கியிருக்கிறார்கள். 247 எழுத்தையும் வரிசையாக முடித்துவிட்டுத்தான் வார்த்தை என்று காத்திருந்தால் பிள்ளைக்கு ஒரு வருடம் வாசிப்பே கிடையாது.

ப, ட, ம இந்த மூன்றோடு தொடங்குங்கள். எழுதவும் எளிது. புள்ளி வைத்தால் ஒலி எப்படிச் சுருங்குகிறது என்று ம, ம் இரண்டையும் சொல்லிக் காட்டுங்கள். அவ்வளவுதான், படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு அட்டையில் எழுதி, எழுத்து எழுத்தாக வெட்டி, கலைத்துப் போட்டு அவளையே சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்து ர வந்தால் மரம், ரம்பம். க வந்தால் பக்கம், கட்டம், கரம். இதற்குள் பாடுவது தானாக நின்றுவிடும், ஏனென்றால் வார்த்தைக்குள் எழுத்து வரிசையில் வருவதில்லை. அதன் பிறகு துணைக்கால்: பாடம், மாமா, மாமரம், காகம். அதுவரை கொம்பு, கொக்கி எதையும் தொடாதீர்கள்.

முதல் பருவ நூலையே வைத்துக்கொள்ளலாம், அதில் அவள் கற்ற எழுத்து வரும் சொற்களை மட்டும் வட்டமிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். மற்ற பக்கங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை என்பதால் எழுத்து கூடியதும் அர்த்தம் உடனே புரியும், ஆகவே இந்தப் பாடம் இங்கிலீஷைவிட வேகமாகப் போகும். துணைக்கால் முடிந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து எந்தக் குறி என்று சொல்கிறேன்.