சன்னல் வெளிச்சத்தில் வளரும் கீரை: தோட்டமில்லா வீடுகளின் அனுபவங்கள்

வேளச்சேரி, சென்னை

வீட்டுக்குள் கீரை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் மண்கலவையையும் உரத்தையும் பற்றியே முதலில் விசாரிக்கிறார்கள். மொட்டை மாடியில் தொட்டி வைக்க அனுமதி இல்லாத ஒரு குடியிருப்பில், மூன்றாம் மாடிச் சன்னலோரத்தை மட்டுமே நம்பிப் பல ஆண்டுகளாகச் செடி வளர்த்துவரும் நான், முதலில் விசாரிக்க வேண்டியது வெளிச்சத்தைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி விழுகிறது. பளிச்சென்று தெரியும் கூடத்தின் நடுவிலோ அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. கண் இருட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. செடிதான் தண்டு வெளுத்து, கணுக்களுக்கிடையே இடைவெளி நீண்டு, சன்னல் பக்கம் சாய்ந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தொட்டி வைக்க எண்ணும் இடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் அங்கே கீரை வளரும். நிழல் மங்கிக் கலைந்து விழுந்தால் அங்கே விதையை வீணாக்க வேண்டாம்.

தெற்குச் சன்னல்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் அது ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. நம் ஊர் 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நாள் முழுவதும் நமக்கு வடபுறமாகவே செல்கிறது. அந்த மாதங்களில் தெற்குச் சன்னலில் நேர்வெயில் விழவே விழாது. அக்னி நட்சத்திரத்தில் வெளியே வெயில் கொளுத்தும்போது சன்னலோரச் செடி வெளுப்பதைக் காண்பவர்கள், வெப்பம்தான் காரணம் என்று எண்ணி அதை இன்னும் உள்ளே தள்ளி வைக்கிறார்கள், தண்ணீரையும் கூட்டுகிறார்கள். செடிக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. சித்திரை பிறந்ததும் தொட்டிகளைக் கிழக்குச் சன்னலுக்கு மாற்றி, புரட்டாசியில் மீண்டும் தெற்கே கொண்டுவருவது என் வழக்கம்.

கொத்தமல்லியைக் கார்த்திகை முதல் தை வரை மட்டுமே விதைக்கிறேன். வெப்பம் ஏறினால் அது இலை விடுவதைக் குறைத்துக்கொண்டு பூக்கத் தொடங்கிவிடும். நாம் மல்லி விதை என்று கையில் எடுக்கும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகள் சேர்ந்த காய். அதன் மேல் சப்பாத்திக் கட்டையை அழுத்தாமல் உருட்டினால், பருப்பு நசுங்காமல் இரண்டு பாதிகளாகப் பிரியும். ஓரிரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்தால் போதும். முளைக்கப் பத்து நாட்களுக்கு மேலும் ஆகலாம் என்பதால் அதற்குள் தொட்டியைக் கிளறிப் பார்க்கக் கூடாது. வெந்தயம் மூன்றாம் நாளே தலை காட்டிவிடும். வெளிச்சம் குறைந்த வீடுகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான், ஏனெனில் தொடக்க நாட்களில் அது பெரும்பாலும் விதையில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே வளர்கிறது. விரலளவு உயர்ந்ததும் கத்தரித்துப் பருப்பில் சேர்த்துவிடலாம்.

ஸ்காபரோ, கனடா

வேளச்சேரி ஐயா எழுதியது எங்கள் ஊருக்கு இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. ரொறன்ரோவில் டிசெம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம்தான். அதிலும் முகில் மூடிய நாட்களே மிகுதி. எங்கள் தொடர்மாடி வீட்டின் தெற்கு யன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பல குளிர்காலங்களாகக் காப்பாற்றி வருகிறேன். கோடையில் பல்கனியில் நிற்கும் அதை, இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் உள்ளே எடுத்துவிடுவேன். நத்தார்ப் பண்டிகை நெருங்கும்போது இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும். சில ஆண்டுகளில் சாடியில் வெறும் தடிதான் மிஞ்சும். செத்துவிட்டது என்று அந்த நிலையில் வீசியவர்களையும், வாடுகிறதே என்று நாளும் நீர் ஊற்றி வேரை அழுகவைத்தவர்களையும் நான் அறிவேன். நகத்தால் பட்டையை இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் செடி உயிரோடுதான் இருக்கிறது. மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்த பிறகு சிறிதளவு நீர் விட்டால் போதும். மார்ச்சில் பகல் நீளும்போது அது மீண்டும் துளிர்க்கும்.

வெப்பமூட்டியால் வீட்டுக் காற்று வறண்டுவிடுவதால் செஞ்சிலந்தி என்னும் புள்ளியளவான சிற்றுண்ணி இங்கே பெருந்தொல்லை. இலையின் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டும்போது விழும் தூசியில் சில புள்ளிகள் நகர்ந்தால், அன்றே செடியைக் குளியலறைக்குக் கொண்டுசென்று இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

வெந்தயமும் புதினாவும் வளரும் தட்டுகளுக்கு மேலே 20 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை ஒரு சாண் உயரத்தில் கட்டி, நாளுக்கு 14 மணித்தியாலம் எரியவிடுகிறேன். மாதத்துக்கு ஏறத்தாழ எட்டரை அலகு மின்சாரம்தான் செலவாகும். ஊதா விளக்குத்தான் வேண்டும் என்று கடைகளில் சொல்வதை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். செடி மிகுதியாக உறிஞ்சும் சிவப்பும் நீலமும் வெள்ளை ஒளியிலும் இருக்கின்றன. விளக்கின் உயரத்தில்தான் கவனம் வேண்டும். கூரையில் எரியும் விளக்கு அறைக்கு வெளிச்சம் தரும். கீரைக்கு அது போதாது.

ஈசூன், சிங்கப்பூர்

எங்களுக்குக் குளிர்காலம் இல்லை. ஆனாலும் சூரியன் பக்கம் மாறுவது இங்கேயும் உண்டு. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரியளவே வடக்கே இருப்பதால், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை வடக்குப் பக்கமும் எஞ்சிய மாதங்களில் தெற்குப் பக்கமும் வெயில் பெறுகின்றன. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரம் வடக்கு நோக்கியது; ஆகவே கங்கோங் கீரையை மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை அங்கேயும், எஞ்சிய மாதங்களில் சமையலறைச் சன்னலிலும் வளர்க்கிறேன். அடிக்கணுக்கள் இரண்டை விட்டு மேலே அறுத்தால் அது மறுபடியும் கிளைத்துவிடும். 2020-ல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதைப் பொட்டலங்களை வழங்கியபோது, எங்கள் புளோக்கில் அதுவரை செடியே வைத்திராத வீடுகளிலும் தொட்டிகள் முளைத்தன; அது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

இரண்டு செய்திகளைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் டெங்கிக் கொசு முட்டையிடும். எனவே புதினாத் தண்டைக் கண்ணாடிக் குவளையில் வேர்விடச் செய்பவர்கள் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். நீருக்குள் மூழ்கும் கணுக்களில் இலைகளைக் கிள்ளிவிட்டால், அந்தக் கணுக்களிலிருந்தே வெள்ளை வேர்கள் புறப்படும்.

கோயம்புத்தூர்

கீரையைப் பற்றி அனைவரும் எழுதிவிட்டதால் காய்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மிளகாய் பூக்கிறது, காய்க்கவில்லை என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவற்றின் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் மகரந்தம் உதிர்வதற்கு அசைவு வேண்டும். மூடிய அறையில் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. காலை பத்து மணி வாக்கில், பூவுக்குப் பின்னால் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிட்டால் போதும். நேற்று வரை உதிர்ந்துகொண்டிருந்த பூக்கள் பிஞ்சு பிடிக்கத் தொடங்கும். பூசணி, பீர்க்கு வகைகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. அவற்றை வீட்டுக்குள் வளர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், இடத்தையும் உழைப்பையும் அவை விழுங்கிவிடும்.

தக்காளிக்கு ஆறு மணி நேர நேர்வெயிலாவது வேண்டும். நான்கு மணி நேர வெயில் விழும் என் கிழக்குச் சன்னலில் மிளகாய்ச் செடி இரண்டும், அவற்றின் நிழலில் கற்பூரவல்லியும் பொன்னாங்கண்ணியும் வைத்திருக்கிறேன். மிளகாயின் குருத்தில் அசுவினிப் பூச்சி தெரிந்தால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கிறேன். காலையில் தெளித்துவிட்டு வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும்.