கம்யூட்டருக்குத் தமிழில் என்ன? (கம்ப்யூட்டர் அல்ல)

*மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:*

குழுவினருக்கு வணக்கம். கல்லூரிப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் அத்தியாயம் முழுக்க லெவிட்டவுன். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில், 1947இல் தொடங்கி 1951க்குள் 17,447 வீடுகள் கட்டினார்களே, அந்த ஊர்தான். புறநகர், தனிக்குடும்பம், வீட்டுக்கடன் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. கம்யூட்டருக்குத்தான் இல்லை. காலையில் ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் ஆள். 41 இடத்தில் வருகிறார். 'பயணி' என்று போட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் போல இருக்கிறது. தட்டச்சு செய்த தம்பியோ 41 இடத்திலும் 'கம்ப்யூட்டர்' என்று திருத்திவிட்டார். உதவுங்கள்.

*புலவர் எழுதியது:*

இதற்கா இத்தனை கலக்கம்? 86ஆம் குறளில் செல்விருந்தும் உண்டு, வருவிருந்தும் உண்டு. இரண்டும் வினைத்தொகை. செல், வரு இரண்டையும் சேர்த்துச் 'செல்வருநர்' என்க. மூன்று காலத்துக்கும் பொருந்தும். நேற்றும் போய் வந்தார், இன்றும் போய் வருகிறார், நாளையும் போய் வருவார். பிறமொழியில் இந்த நயம் கிடையாது.

*வகுப்பறை எழுதியது:*

புலவர் ஐயா, நயம் சரி. என் மாணவர்கள் அதைச் 'செல்வர்' என்றுதான் படிப்பார்கள். லெவிட்டவுனில் குடியேறியவர்கள் செல்வர்கள் இல்லை. பெரும்பாலும் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்கள் குடும்பமும். 1949இல் ஒரு வீடு 7,990 டாலர். முன்பணம் கட்டாமலே அரசு உத்தரவாதக் கடனில் வாங்கினார்கள்.

'போய்வருநர்' எப்படி? வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம் ஊரில் யாராவது 'போகிறேன்' என்று சொல்வோமா? 'போய்ட்டு வரேன்' என்றுதானே சொல்கிறோம்? அந்த ஆள் தினமும் சொல்வதே அவருக்குப் பெயராகட்டும்.

*தட்டச்சு எழுதியது:*

போய்வருநரா, போய்வருனரா?

*புலவர் எழுதியது:*

நர்! நர்! ஓட்டுநர், இயக்குநர், பொருநர். பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை இருக்கிறது, பொருனராற்றுப்படை இல்லை. பேருந்து நிலையப் பலகையைப் பார்த்து இலக்கணம் கற்காதீர்கள்.

(இதற்குப் பின் ந, ன பற்றி வந்த 14 மடல்களை நான் படிக்கவில்லை. மொ. மேசை.)

*குரோம்பேட்டையான் எழுதியது:*

நான் 31 வருடம் தாம்பரம் - கடற்கரை தடத்தில் வேலைக்குப் போய் வந்தவன். 1931இலிருந்து மின்சார ரயில் ஓடும் தடம். எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: சீசன்காரர்கள், அதாவது சீசன் டிக்கெட் எடுத்து அன்றாடம் போகிறவர்கள். காலை வண்டியில் நாலு பேர் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து, நடுவில் ஒரு கைப்பெட்டியைப் படுக்கவைத்து, அதன்மேல் ரம்மி ஆடுவோம். கிண்டி தாண்டியதும் ஆட்டம் சூடு பிடிக்கும். எழும்பூரில் ஒருவர் இறங்குவார், அவர் கையிலிருந்த ஆட்டச் சீட்டுகளை அடுத்தவர் வாங்கிக்கொள்வார்.

சும்மா பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. கம்யூட்டர் என்ற சொல்லே டிக்கெட்டில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் கம்பெனிகள் அன்றாடக் கட்டணத்தைக் குறைத்து, மொத்தத் தொகையாக மாற்றி ஒரு சீட்டு கொடுத்தன. அதற்குக் கம்யூட்டேஷன் டிக்கெட் என்று பெயர். அதை வைத்திருந்தவர் கம்யூட்டர். நம் சீசன்காரரும் அதே அச்சில் வார்த்த சொல். இதைவிட நேரான பெயர்ப்பு எங்கே கிடைக்கும்?

*புலவர் எழுதியது:*

சீசன் தமிழா? வேண்டுமானால் 'பருவச்சீட்டர்'.

*வகுப்பறை எழுதியது:*

ஐயா, பருவம் என்று சொல்லிவிட்டு இளங்கலை முதலாண்டு வகுப்பை அடக்க என்னால் முடியாது.

*மலைக்கோட்டை எழுதியது:*

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் ரயிலில் போகிறவரையே பார்க்கிறீர்கள். அவரை நிலையத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கார் எடுத்துப்போய் அழைத்துவந்தவள் யார்? ஸ்டேஷன் வேகன் என்று ஒரு வண்டிக்கே பெயர் வந்தது நிலையத்துக்குப் போய் வந்ததால்தான். பகல் முழுக்க அவள் இருந்தது 750 சதுர அடி வீட்டில். வேலி போடக் கூடாது, வாரத்துக்கு ஒருமுறை புல் வெட்டியாக வேண்டும், துணி காயவைக்க நீளக் கொடி கட்டக் கூடாது என்றெல்லாம் விதி. குழந்தைத் துணியைத் துவைத்தவர்களுக்குத் தெரியும், கொடி இல்லாத கொல்லைப்புறம் எப்படி இருக்கும் என்று. வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்றும் தொடக்க கால ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதற்கு எந்தத் தனித்தமிழும் தேவையில்லை.

புலவர் ஐயாவுக்குப் பிடித்த மாதிரியே சொல்கிறேன். முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பிரிந்துபோன தலைவன் வரும்வரை தலைவி காத்திருத்தல். பெரும்பொழுது கார் (மழைக்காலம்), சிறுபொழுது மாலை. லெவிட்டவுனிலும் அதேதான்: மாலையில் கார், வீட்டில் இருத்தல். ஆனால் ஆறு மணிக்குத் திரும்பிவிடும் தலைவனுக்குப் பொருள்வயிற் பிரிவு (பொருள் தேடிப் பிரிதல்) என்று துறை வகுக்க முடியாது.

ஆகவே என் ஓட்டு 'போய்வருபவர்'. சீசன்காரர் என்பது டிக்கெட் கொடுக்கும் ரயில்வே வைக்கும் பெயர். போய்வருபவர் என்பது வாசலில் நிற்பவள் வைக்கும் பெயர். அத்தியாயம் குடும்ப வாழ்க்கையைப் பற்றியது என்றால் வாசலிலிருந்து பாருங்கள்.

*குரோம்பேட்டையான் எழுதியது:*

அம்மா சொல்வது நியாயம். ஆனாலும் 'போய்வருபவர் ரயில்' என்று எழுதிப் பாருங்கள். ரயில்தான் எங்கோ போய்விட்டு வருகிறது.

*வகுப்பறை எழுதியது:*

இன்று வகுப்பில் கேட்டேன். 'போய்வருநர் என்றால் யார்?' ஒரு பையன், 'விருந்தாளியா மிஸ்?' என்றான். கடைசி வரிசையிலிருந்து 'மாமனார்' என்று ஒரு குரல். 'அன்றாடப் பயணி' என்றதும் ஏழெட்டுப் பேர் தங்கள் பஸ் பாஸை எடுத்துக் காட்டினார்கள்.

*மொழிபெயர்ப்பு மேசை எழுதியது:*

எல்லாருக்கும் நன்றி. அன்றாடப் பயணிக்கு ஐந்து, போய்வருபவருக்கு இரண்டு, சீசன்காரருக்கு ஒன்று (அவருடையதே). 40 இடத்தில் 'அன்றாடப் பயணி' என்று மாற்றிவிட்டேன். நடைமேடையை ஒட்டிக் கார்கள் வரிசையாகக் காத்திருக்கும் பத்தியில் மட்டும் 'போய்வருபவர்' என்று விட்டிருக்கிறேன். பிழைதிருத்துபவர் கண்ணில் படாமல் இருந்தால் நிற்கும்.

*புலவர் எழுதியது:*

அன்றாடம் நன்று. பயணம் 'பிரயாணம்' என்பதன் வழி வந்தது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. என் ஓட்டு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. செல்வருநர்.