ஹெச்ஏ ப்ராக்ஸியில் ஜிபிஎஸ் கருவிகளுக்காகப் புதிய வசதி எழுதலாமா?

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதுச்சேரி, பண்ருட்டி, சிதம்பரம் தடங்களில் ஓடும் தனியார் பஸ்களிலும் பள்ளி வேன்களிலும் ஜிபிஎஸ் கருவி மாட்டித் தருகிறோம். எல்லாம் ஜிடி06 வகை, நேராக டிசிபியில் பேசுபவை. முன்னால் ஹெச்ஏ ப்ராக்ஸி 3.0 (வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் திறமூல மென்பொருள்), பின்னால் நான்கு சர்வர்.

சிக்னல் போய்த் திரும்பினால் கருவி மறுபடி இணைகிறது. சர்வர்களுக்கு முறைவைத்து மாற்றி மாற்றி அனுப்பும் ரவுண்ட் ராபின் அதை வேறு சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. அந்த வண்டியின் பயண நிலை பழைய சர்வரில் அப்படியே தொங்குகிறது. ஐபியை வைத்துப் பிரித்தால் இன்னும் மோசம்: நிறைய சிம்கள் மொபைல் கம்பெனியின் ஒரே பொது ஐபியில் வெளியே வருவதால் பாதி வண்டிகள் ஒரே சர்வரில் குவிகின்றன. இது போதாதென்று போர்ட் ஸ்கேன் செய்பவர்களின் குப்பை இணைப்பு வேறு.

அதனால் இந்தப் பாக்கெட்டைப் பிரித்துக் கருவி எண்ணை எடுத்து, சிஆர்சியும் (பாக்கெட் சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் வசதியை சி மொழியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூலத் திட்டத்தில் ஏற்றுக்கொள்வார்களா? "நமக்கென்று தனி ஃபோர்க் வைத்துக்கொள்வோம்", அதாவது மூலத்திலிருந்து பிரிந்த சொந்தப் பிரதி, என்கிறார் முதலாளி.

வைத்திக்குப்பம்:

தம்பி, ஃபோர்க் மட்டும் வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் ஹெச்ஏ ப்ராக்ஸியில் ஒரு இன்டிஜர் ஓவர்ஃப்ளோ பிழை (எண் அதற்கான இடத்தை மீறிப்போவது) வெளிவந்தது. அதன் வழியாக ரிக்வெஸ்ட் ஸ்மக்ளிங் (ஒரு கோரிக்கைக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்புவது) செய்ய முடிந்தது. 2.0 முதல் 2.4 வரையிலான கிளைகளுக்குத் திருத்தம் வந்தது. பேக்கேஜ் போட்டவர்கள் அப்டேட் செய்துவிட்டு வேறு வேலை பார்த்தார்கள். தனி ஃபோர்க் வைத்திருந்தால் நீங்களே ஒட்டி, நீங்களே கம்பைல் செய்து, நீங்களே சோதிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அதற்கென்று ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பாரா?

இரண்டாவது, கருவி எண்ணுக்கு ஒரு வரி சி கூட எழுத வேண்டியதில்லை. கருவி இணைந்ததும் அனுப்பும் லாகின் பாக்கெட்டைப் பாருங்கள். மொத்தம் 18 பைட். முதல் இரண்டும் 78 78, அடுத்தது நீளம், அதற்கடுத்தது 01, அப்புறம் 8 பைட்டில் ஐஎம்இஐ என்ற கருவி எண். அதாவது எண் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கிறது. டிசிபி மோடில் பேலோடின் ஆஃப்செட் 4-இலிருந்து (முதல் 4 பைட்டைத் தாண்டி) 8 பைட் எடுத்து, ஹெக்ஸ் கன்வர்ட்டர் (மதிப்பை வேறு வடிவுக்கு மாற்றும் வசதி) வழியாக ஸ்டிக் டேபிளில் (எந்தக் கருவி எந்த சர்வருக்குப் போனது என்று நினைவில் வைக்கும் பட்டியல்) போடுங்கள். டேபிளின் காலாவதியை வண்டி ராத்திரி டிப்போவில் நிற்கும் நேரத்தையும் தாண்டி வையுங்கள். ப்ராக்ஸி இரண்டு இருந்தால் பியர்ஸ் என்ற வசதி மூலம் டேபிளைப் பகிரலாம்.

மிச்சம் இருப்பது சிஆர்சி. உங்கள் தேவையில் உண்மையிலேயே புது வசதி என்றால் இதுதான். சிஆர்சி32, சிஆர்சி32சி இரண்டுக்கும் கன்வர்ட்டர் உண்டு; உங்கள் கருவி கேட்பது 16 பிட். ஆனால் "ஜிடி06 பாக்கெட் பார்சர்" என்று கொண்டுபோகாதீர்கள். 2.4-இல் எம்க்யூடிடிக்கும் (கருவிகள் செய்தி பரிமாறும் நெறிமுறை) ஃபிக்ஸுக்கும் (பங்கு வர்த்தக நெறிமுறை) கன்வர்ட்டர் சேர்ந்தது என்றால் அவை பலர் பயன்படுத்தும் பொதுத் தரங்கள். பொதுவான சிஆர்சி16 கன்வர்ட்டர் என்றால் மாட்பஸ் (தொழிற்சாலைக் கருவிகளின் நெறிமுறை) ஆட்களுக்கும் உதவும், உங்களுக்குப் பிறகும் அதைப் பராமரிக்க ஆள் இருக்கும்.

சியில் கை வைக்கும் முன் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதி ஓட்டுங்கள். 1.6-இலிருந்தே லுவா உள்ளே இருக்கிறது. கன்வர்ட்டராகப் பதிவு செய்ய ஒரு ஃபங்ஷன் போதும். கணக்கில் சேர வேண்டியது ஆஃப்செட் 2-இலிருந்து 12 பைட். அதை ஆஃப்செட் 14-இல் உள்ள இரண்டு பைட்டோடு ஒப்பிட வேண்டும்.

கெடிலக்கரை:

ரொம்ப நன்றி அண்ணா. ஸ்டிக் டேபிள் வேலை செய்கிறது, இணைப்பு அறுந்து வந்தாலும் வண்டி அதே சர்வருக்குப் போகிறது. லுவாவும் குப்பையைத் தடுக்கிறது. இனி சிஆர்சி16-ஐ சியில் எழுதி அனுப்ப ஆசை. கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டால் போதுமா?

வைத்திக்குப்பம்:

போதாது. கிட்ஹப்பில் பிழை சொல்லலாம், பேட்ச் (கோடு மாற்றங்களின் கோப்பு) மெயிலிங் லிஸ்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால் "இப்படி ஒன்று எழுத நினைக்கிறேன், அளவுருவாக எதை வைக்கலாம்" என்று ஒரு கடிதம் போடுங்கள். சிஆர்சி16-இல் பாலினோமியல், தொடக்க மதிப்பு என்று வகைகள் பல. அதை எழுதி முடித்தபின் மாற்றச் சொன்னால் உழைப்பு வீண்.

கோடுக்கு சாம்பிள்.சி ஃபைலில் சிஆர்சி32 கன்வர்ட்டர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து அதே பாணியில் போங்கள். இன்டென்ட் டேப்பில்தான், ஸ்பேஸில் இல்லை. கமிட் தலைப்பு "மைனர்" என்ற குறியோடு தொடங்கி எந்தப் பகுதி என்று சொல்ல வேண்டும். உள்ளே என்ன செய்தீர்கள் என்பதைவிட ஏன் தேவை என்பதை விரிவாக எழுதுங்கள்; நாளை படிப்பவருக்கு அதுதான் உதவும். கான்ஃபிகரேஷன் கையேட்டில் விளக்கமும், வி-டெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஓடும் ரெக்ரஷன் டெஸ்ட்டும் (பின்னாளில் எதுவும் உடையவில்லை என்று பார்க்கும் சோதனை) சேர்த்து அனுப்புங்கள். இந்த இரண்டையும் நம் ஆட்கள் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று. புது வசதி டெவலப்மென்ட் கிளைக்குத்தான் போகும், 3.0-க்கு வராது. அங்கே திருத்தங்கள் மட்டும்தான். ஆகவே லுவா ஸ்கிரிப்டை இப்போதே கழற்றிவிடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்:

தம்பி, இன்ஸ்பெக்ட் டிலேக்கு (ப்ராக்ஸி முதல் டேட்டாவுக்காகக் காத்திருக்கும் நேரம்) பக்கத்தில் என்ன நிபந்தனை வைத்திருக்கிறீர்கள்? "ஏதாவது டேட்டா வந்தால் ஏற்றுக்கொள்" என்றிருந்தால் மாற்றுங்கள். சிக்னல் மோசமான இடத்தில் அந்த 18 பைட்டும் துண்டு துண்டாக வரலாம். ஆஃப்செட் 4-க்கு மேல் ஒன்றும் வராமலே டேபிளைத் தேடப் போய்விடும். வந்த நீளம் 18 அல்லது அதற்கு மேல் என்றால் ஏற்றுக்கொள், டிலே முடிந்தும் வராவிட்டால் நிராகரி என்று எழுதுங்கள். ஸ்கேன் செய்பவர்களில் பாதிப் பேர் சிஆர்சி வரைக்கும் போகாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள்.