காயத்தோடு வந்த பட்டாளத்துக்காரர், தாம்பத்தியம்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

செவிலி_ஒரத்தநாடு:
எங்கள் பக்கம் பட்டாளத்து வீடுகள் நிறைய. சர்க்கரை, பிரஷர் பார்க்க வரும் மனைவிமார் கடைசியாகக் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "அவரு கிட்டவே வர்றதில்ல சிஸ்டர், நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒரு கேஸ். ஐம்பதை நெருங்குகிறவர். கண்ணிவெடியில் இடது முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது, வலது காது மந்தம். காலையில் மனச்சோர்வு, பதற்றத்துக்கான செர்ட்ராலின் 100 மி.கி., கெட்ட கனவுக்கு இரவில் பிராசோசின். அதற்கு மேல் கேன்டீன் சரக்கு. இப்போது மெடிக்கலில் சில்டெனாஃபில் (ஆணுறுப்பு விறைப்புக்கான வயாகரா மாத்திரை) 100 வாங்கலாமா என்கிறார். காயமா, மாத்திரையா, மனசா? எதை முதலில் பார்ப்பது?

மருந்தாளுநர்_தஞ்சை:
சிஸ்டர், 100 வேண்டவே வேண்டாம். பிராசோசினும் சில்டெனாஃபிலும் ரத்தக்குழாயை விரிப்பவை. சரக்கும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது பிரஷர் சரியும். ராத்திரி ஊன்றுகோலோடு பாத்ரூம் போகிறவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். பிராசோசின் அளவு நிலையாக இருந்தால், டாக்டர் 25 மி.கி.யில் தொடங்கி, இரண்டுக்கும் நடுவே இடைவெளி சொல்வார். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் வகை மாத்திரை போடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். போட்டால் சில்டெனாஃபில் கிடையாது, உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, சில்டெனாஃபில் ஆசையை உண்டாக்கும் மாத்திரை அல்ல. பரோட்டா, பிரியாணி சாப்பிட்ட கையோடு போட்டால் வேலை செய்யவும் நேரமாகும்.

விடியற்காலையில் விறைப்பு வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் நரம்பும் ரத்த ஓட்டமும் பெரும்பாலும் சரி. விறைப்பு வந்தும் உச்சம் வராமல் இழுத்தால் முதல் சந்தேகம் செர்ட்ராலின் மேல். அதற்காகத் தானாக நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம். புப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரையைச் சேர்ப்பதும் உண்டு, ஆனால் அதிகம் குடிப்பவருக்கு வலிப்பு அபாயம். ஆகவே எவ்வளவு குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

எல்லாப் பழியையும் போர் மேல் போடவும் வேண்டாம். இந்த வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, பிரஷர், காலை பத்து மணிக்குள் ரத்தம் எடுத்துப் பார்த்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) அளவு, மூன்றும் பார்க்கணும்.

ஆலோசகர்_குடந்தை:
மருந்து விஷயத்தில் சார் சொன்னது சரி. மனசைப் பற்றி நான் சொல்கிறேன்.

போர் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பில் (பி.டி.எஸ்.டி.) திடுக்கிடுவதும் கனவும் வெளியே தெரியும். குடும்பத்தை அதிகம் அரிப்பது உணர்வு மரத்துப்போவது. பிள்ளை பரிசு வாங்கி வந்தாலும் முகம் மாறாது. மனைவி அதை வெறுப்பு என்றோ வேறு தொடர்பு என்றோ எடுத்துக்கொள்கிறார். நோயின் அறிகுறி என்பதை இருவரையும் உட்காரவைத்து முதலில் சொல்லுங்கள்.

உடலுறவில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பயத்திலும் இதேதான். பாதியில் உடம்பு இதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும். சட்டென்று விலகுவது, காரணமில்லாமல் கத்துவது பல சமயம் இதனால்தான்.

அதனால் முதல் இரண்டு வாரம் உடலுறவே கிடையாது என்று பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள். "முடியுமா, முடியாதா" என்ற பரீட்சை பயம் அதிலேயே பாதி போகும். வாரம் இரண்டு முறை, 20 நிமிடம்: ஒருவர் கை, தோள், முதுகைத் தொட, மற்றவர் எது பிடிக்கிறது என்று சொல்லணும், பிறகு மாற்றிக்கொள்ளணும். மார்பும் பிறப்புறுப்பும் அடுத்த கட்டத்தில்தான். ஜீரோ வாட் பல்பு எரியட்டும். இருட்டில் திடீர்த் தொடுகை அவரை உலுக்கும். மனைவி இடது பக்கம் படுக்கட்டும், வலது காதில் கிசுகிசுத்தால் அவருக்குக் கேட்காது. கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடும் நாளும் தீபாவளியும் இதற்கு ஆகாது.

கனவில் கத்தினால் உலுக்கி எழுப்பக் கூடாது, கை ஓங்கிவிடுவார். கால்மாட்டில் தள்ளி நின்று விளக்கைப் போட்டு, "நம்ம வீடுதான், நான்தான் இருக்கேன்" என்று குரல் கொடுக்கணும். தனிக்கட்டில் தப்பில்லை, தூங்கும்வரை சேர்ந்திருந்துவிட்டுப் பிரியலாம்.

விழித்திருக்கும்போது அடிப்பது, கட்டாயப்படுத்துவது இருந்தால் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லிக்கொடுங்கள்.

பிசியோ_மன்னை:
கால் பற்றி யாரும் சொல்லவில்லையே. மண்டியிட்டால் வெட்டிய இடத்தில் எடை இறங்கி வலிக்கும், அந்த வலியிலேயே விறைப்பு போய்விடும். பக்கவாட்டில் படுப்பதோ, அவர் மல்லாந்து படுப்பதோ நல்லது. செயற்கைக் காலைக் கழற்றிவிடணும். நம்மூர்ப் புழுக்கத்தில் லைனருக்குள் (செயற்கைக் காலுக்கு உள்ளே போடும் உறை) வியர்த்துத் தோல் வெந்திருக்கும், கழுவித் துடைத்துப் புண் இருக்கிறதா என்று பார்க்கணும். இதைப் பகல் வெளிச்சத்தில் மனைவி செய்தால் இருவருக்கும் கூச்சம் குறையும். இல்லாத கால் வலிக்கிறது என்று அமிட்ரிப்டிலின் போடுகிறாரா? அதுவும் விறைப்பைக் கெடுக்கும்.

முதுகுத்தண்டு காயம் உள்ளவருக்குக் கணக்கே வேறு. நெஞ்சு மட்டத்துக்கு மேல் அடிபட்டவருக்கு நடுவில் கடும் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்காரவைக்கணும், பிரஷர் ஏறுகிறது. முன்கூட்டியே சிறுநீர்ப்பையைக் காலி செய்தால் அபாயம் குறையும்.

செவிலி_ஒரத்தநாடு:
நன்றி. மனைவியும் டாக்டரைப் பார்க்கணும், எங்கே அனுப்புவது?

ஆலோசகர்_குடந்தை:
ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தால் அதன் பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்கு ரெஃபரல் கேட்கலாம். மனைவிக்கும் அந்தத் திட்டம் உண்டு. கார்டு இல்லாவிட்டால் தஞ்சை மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, தமிழில் கிடைக்கும். மாத்திரைச் சீட்டு மொத்தத்தையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். லாட்ஜில் ரூம் போட்டு "ஆண்மைக் குறைவு" பார்க்கிற ஆட்களிடம் மட்டும் போகவிடாதீர்கள்.