"நல்லா பாத்துக்கிட்டாக"ன்னு நோயாளிக எதை வச்சுச் சொல்றாக? மூணு நர்சுக பேசுறாக.

மெடிசின் வார்டு, மதுரை

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிற பொண்ணு ஒண்ணு எங்க வார்டுக்குக் கேள்வித்தாளோட வந்துச்சு. செவிலியர் செய்யுற 50 காரியம். எது முக்கியம்னு நாம வரிசைப்படுத்தணும். 1980-கள்ல அமெரிக்காவுல பேட்ரிசியா லார்சன், புற்றுநோயாளிகளை வச்சு செஞ்ச ஆய்வுல பயன்படுத்தினதாம். நாங்க எல்லாரும் 'நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்குறது'க்கு முதலிடம் கொடுத்தோம். அங்கயும் நர்சுக அதைத்தான் சொல்லியிருக்காக. நோயாளிக சொன்னது வேற: ஊசி, டிரிப்ஸ், மெஷினை ஒழுங்கா கையாளத் தெரியணும். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

அதே வாரம் உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒண்ணு அட்மிஷன். சுகர், கால்புண். வேற எங்கயோ குத்திக் குத்தி ரெண்டு கையும் கன்னிப்போய்க் கிடக்கு. நான் ஆறுதலா பேச்சுக் கொடுத்தேன். "ஏத்தா, பேச்செல்லாம் அப்பறம். ஒரே குத்தா குத்து"ன்னுச்சு. இளஞ்சூட்டுல துணி நனைச்சுச் சுத்தி, கையைத் தொங்கவிட்டுத் தடவிக்கிட்டே இருந்தேன். முழங்கைக்குக் கீழ ஓரமா ஒரு நரம்பு விரல்ல தட்டுப்பட்டுச்சு. வென்ஃப்ளான்ல (டிரிப்ஸ் ஏத்த நரம்புல போடுற சின்னக் குழாய்) ரத்தம் ஏறினதும் அப்பத்தா தானா ஆரம்பிச்சிருச்சு: மருமக, ஆட்டுக்குட்டி, ரேஷன் கார்டு. கேக்கத்தான் எனக்கு நேரமில்ல, அடுத்த பெட்டுக்கு ஆன்டிபயாடிக் போடணும்.

ஐசியு, தனியார் மருத்துவமனை

வென்டிலேட்டர்ல இருக்கிறவருக்குச் சக்‌ஷன் போடுறதுக்கு முந்தி, "ஐயா, சளி எடுக்கப்போறேன், இருமல் வரும், பத்து செகண்டுதான்"னு சொல்லிட்டுத்தான் டியூபைத் தொடுவேன். புதுசா வந்த பிள்ளைக சிரிக்கும், மயக்கத்துல இருக்கிறவர்கிட்ட என்னக்கா பேச்சுன்னு. டியூப் எடுத்தப்பறம் ஒருத்தர் என் குரலை வச்சே அடையாளம் கண்டுக்கிட்டார். சந்தோஷப்படுறதுக்குள்ள இன்னொண்ணும் சொன்னார்: ராத்திரி அவரைப் புரட்டிப் போடுறப்ப ரெண்டு பேரு புடவைச் சீட்டைப் பத்திப் பேசிச் சிரிச்சதும் ஞாபகம் இருக்காம். அவரைத் தொட்டவுக, அவருகிட்ட ஒரு வார்த்தை பேசலையாம்.

அரசுப் பணி, மேலூர்ப் பக்கம்

நோயாளி சொல்றதைக் காது கொடுத்துக் கேக்க ஆள் வேணும்லக்கா? மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பொது வார்டுல 3 நோயாளிக்கு ஒரு நர்சுன்னு நர்சிங் கவுன்சில் கணக்கு. நைட்ல வந்து எங்க வார்டை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, தரையில பாய் போட்டுப் படுத்திருக்கிறவுகளையும் சேத்து.

பக்கவாதத்துல வந்தவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டணும். ஒத்தையா என்னால முடியாது. மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்: தலையணையை எங்க முட்டுக் கொடுக்கணும், குதிகாலும் இடுப்பெலும்பும் சிவந்திருக்கான்னு டார்ச் அடிச்சு எப்படிப் பாக்கணும்னு. அவன் போன்ல அலாரமே வச்சுட்டான். வீட்டுக்குப் போறன்னைக்கு அவுக அப்பா முதுகுல ஒரு புண் கிடையாது. "சிஸ்டர் என்னத்தப் பாத்தாக, எல்லாம் நாந்தான்"னு சொந்தக்காரங்ககிட்ட அளந்துக்கிட்டிருந்தான் பயல். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. "அப்ப போறதுக்கு முன்னாடி எதுத்த பெட்டு மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்துட்டுப் போ தம்பி"ன்னேன்.