வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவானதும் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கடலூர்க் கரையோரம்:
அனைவருக்கும் வணக்கம். தென்பெண்ணை ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வசிக்கிறோம். என் தம்பி ஃபைபர் படகில் தொழிலுக்குச் செல்கிறவர். 2024 நவம்பர் 25 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவும் மறுநாள் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவும் அறிவிக்கப்பட்ட ஃபெங்கல், 29ஆம் தேதி பிற்பகலில்தான் புயலானது. இடைப்பட்ட நாள்களில் புயல் வரும், வராது என்று வாட்ஸ்அப்பில் மாறி மாறிச் செய்திகள் வந்ததால், படகை எங்கே ஏற்றி வைப்பது, வயதானவர்களை எப்போது இடம் மாற்றுவது என்று எங்கள் தெருவில் ஒருவராலும் தீர்மானிக்க முடியவில்லை. அது வலுப்பெற ஏன் அவ்வளவு தாமதமாயிற்று? அடுத்த முறை எங்களைப் போன்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வானிலைத் தொடர்வோன்:
வணக்கம் ஐயா. காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 50ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல் என்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோல். கடலின் வெப்பம் மட்டும் ஒரு தாழ்வு மண்டலத்தைப் புயலாக்கிவிடாது. நவம்பரில் தென்மேற்கு வங்கக் கடல் பெரும்பாலும் போதிய சூட்டோடுதான் இருக்கும். தடை மேலே இருக்கிறது. கீழே ஒரு திசையிலும் மேலடுக்கில் வேறொரு திசையிலும் காற்று வேகமாக வீசினால், மையத்தின் மேல் எழும்பும் இடிமேகங்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, சுழற்சி ஓரிடத்திலும் மழைமேகம் வேறிடத்திலும் பிரிந்து கிடக்கும். ஃபெங்கலும் இலங்கையின் கரையை ஒட்டி மெல்ல ஊர்ந்த நாள்களில் இப்படிப்பட்ட காற்று மாறுபாட்டோடு போராடியது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, வானிலைத் துறை நாள்தோறும் வெளியிடும் வெப்பமண்டல வானிலைக் கண்ணோட்டம். அடுத்த ஏழு நாள்களில் தாழ்வு மண்டலம் உருவாக எவ்வளவு வாய்ப்பு என்பதை அது குறைவு, மிதம், அதிகம் என்று நாள்வாரியாகச் சொல்கிறது. மையம் உருவாவதற்கு முன்னால் கணினி மாதிரிகள் வரையும் பாதைகளை நம்பிப் பயப்படுவதிலும் பொருளில்லை, நிம்மதியடைவதிலும் பொருளில்லை. ஒரே கணினி மாதிரி காலையில் சென்னையையும் மாலையில் ஆந்திரத்தையும் காட்டும்; பரபரப்பான பகிர்வுகள் அனேகமாக அந்தப் படங்களிலிருந்துதான் பிறக்கின்றன. தாழ்வு மண்டலம் ஆனபிறகு அறிக்கைகளில் மையத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வரும். அவற்றை ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். பெயர் வைத்தார்களா என்பதைவிட, மையம் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஃபெங்கல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபின் பல மணி நேரம் அசையாமல் நின்றதால்தான் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியது.

குமரிக் கடல்:
மேலே உள்ளவர் சொன்னது கரையில் இருப்பவர்களுக்குச் சரி. கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். ஃபெங்கல் நாள்கணக்கில் அவகாசம் கொடுத்தது, ஒக்கி கொடுக்கவில்லை. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. பல நாள் தங்கித் தொழில் செய்யப் போன எங்கள் பகுதி விசைப்படகுகள் அப்போது கரையின் தொடர்புக்கு எட்டாத ஆழ்கடலில் இருந்தன. அதனால் தங்கு கடலுக்குப் போகிறவர்கள், தாழ்வு மண்டலம் உருவாகட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. குமரிக் கடலிலோ இலங்கைக்குத் தெற்கேயோ தாழ்வு மண்டலத்துக்கு மிதமான வாய்ப்பு என்று வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் தம்பி தினமும் பார்க்கட்டும். புயலாகாத அமைப்புகூடச் சிறு படகைக் கவிழ்க்கப் போதுமான அலையை எழுப்பும்.

தாமிரபரணிக் கரை:
புயலாகுமா என்ற கேள்வியையே எல்லோரும் பற்றிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. அதற்குக் காரணம் குமரிக் கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அது புயலும் அல்ல, தாழ்வு மண்டலமும் அல்ல. பெயரில்லாத அந்த மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் தத்தளித்தன. எனவே மாவட்டவாரியான மழை எச்சரிக்கையைத் தனியாகப் படியுங்கள்; சிவப்பு என்று வந்தால், கடலில் இருப்பது எந்த வகை அமைப்பு என்று ஆராய வேண்டியதில்லை.

கடலூர்க் கரையோரம்:
மூவருக்கும் மிக்க நன்றி. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பற்றியும் ஒரு சந்தேகம். ஒன்றாம் எண் ஏற்றினாலே இங்கே புயல் வரப்போகிறது என்கிறார்களே, அது சரியா?

வானிலைத் தொடர்வோன்:
சரியல்ல ஐயா. ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள். கடலில் எங்கோ ஓர் அமைப்பு இருப்பதைக் கப்பல்களுக்குத் தெரிவிப்பவை. மூன்றும் நான்கும் வந்தால் உங்கள் துறைமுகத்திலேயே மோசமான வானிலையை எதிர்பார்க்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வரை அபாயம், எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். ஆனால் நீங்கள் ஆற்றங்கரையிலும் இருப்பதால் கூண்டு இறங்கிய பிறகும் கவனம் தேவை. ஃபெங்கல் வலுவிழந்து உள்ளே போனபின்தான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது, தென்பெண்ணையின் வெள்ளம் அதற்குப் பிறகுதான் கடலூரை அடைந்தது. கரையைக் கடந்துவிட்டது என்ற செய்திக்குப் பின்னும் குறைந்தது இரண்டு நாள்களுக்குச் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையின் நீர் வெளியேற்ற அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள்.